யார் வாய்ச் சொல், யார் காதுக்கு? – ‘மக்பெத்’ மேற்கோள்களும் வீட்டுப்பாடமும்

இங்கிலாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளின் ஆங்கில இலக்கிய வீட்டுப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்துக்கு நிலையான இடம் உண்டு. அந்த வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை முழுமையாகப் படித்திருக்க வேண்டும். எந்த நாடகம் என்பதைப் பள்ளி முடிவுசெய்கிறது. ‘மக்பெத்’தைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளே மிகுதி. 2015 இல் பாடத்திட்டம் மாறியது. 2017 கோடையில் புதிய முறையில் முதல் தேர்வு நடந்தது. அம்முறையில் நாடகப் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது. ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் வினாத்தாளில் ஒரு காட்சியின் சிறு பகுதி அச்சாகியிருக்கும். அதில் தொடங்கி நாடகம் முழுவதையும் தழுவி விடை எழுத வேண்டும். விடைக்கு 30 மதிப்பெண், பிழையற்ற எழுத்துக்கு 4. அச்சான பகுதிக்கு வெளியே எதைச் சான்றுகாட்ட வேண்டுமானாலும் மனத்தில் இருப்பதே துணை. எனவே மேற்கோள் பட்டியலும் கையுமாகப் பிள்ளைகள் பெற்றோரிடமும் டியூஷன் ஆசிரியரிடமும் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த வரிக்கு என்ன அர்த்தம்?

400 ஆண்டுப் பழைய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலமாக மாற்றிச் சொல்வது இக்கேள்விக்கு உடனே தரக்கூடிய விடை. அது தேவைதான். அதோடு நிறுத்திவிட்டால் வரி புரிந்ததாகாது. கட்டுரையில் ஆசிரியர் தம் கருத்தைத் தாமே சொல்கிறார். நாடகத்தில் அவருக்குப் பேச இடமே கிடையாது. பேசுபவர்கள் எல்லாரும் பாத்திரங்கள். ஒவ்வொருவரும் எதிரில் நிற்பவரிடமிருந்து எதையோ பெறவோ, எதையோ மறைக்கவோ, தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்ளவோ பேசுகிறார்கள். அந்தத் தேவையை விட்டுவிட்டு வரியை மட்டும் பெயர்த்தெடுத்தால் கையில் மிஞ்சுவது பொன்மொழி. ‘மக்பெத்’தின் புகழ்பெற்ற வரிகளில் பல, பொய் சொல்பவர்களும் ஏமாந்தவர்களும் மனம் உடைந்தவர்களும் பேசியவை. அவற்றைப் பொன்மொழியாகப் படிக்கும் மாணவர் நாடகத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்.

தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு இந்த வகை வினா புதிதல்ல. இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்ற வினா, ஒரு வரி எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் கேட்டு, பொருளை அதற்குப் பிறகே கேட்கிறது. அந்த வரிசை சரியானது. தொல்காப்பியச் செய்யுளியல் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துவைத்திருக்கிறது. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாகவே அது எண்ணுகிறது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எங்கே, எப்போது, எதற்காக, எந்த உணர்ச்சியோடு, சொல்லாமல் விட்டது என்ன என்று இவற்றைக் கேள்விகளாக்கலாம். இந்நூலுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ‘மக்பெத்’தின் ஒரு வரியோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இவ்வேழு கேள்விகளைவிடப் பயனுள்ள உதவியைச் சுட்டுவது கடினம்.

கேட்போர், களன் என்ற இரண்டு மட்டுமே ஒரு வரியின் நிறத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு முதல் அங்கத்தின் 4 ஆம் காட்சி நல்ல சான்று. ஸ்காட்லாந்து மன்னன் டங்கனுக்குத் துரோகம் செய்த காடர் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. அவன்மீது முழு நம்பிக்கை வைத்திருந்ததாக மன்னன் வருந்துகிறான்; முகத்தைப் பார்த்து மனத்தை அறிந்துகொள்ளும் கலை எதுவும் உலகில் இல்லை என்கிறான். மேற்கோள் பட்டியல்களில் இவ்வரி தோற்றமும் உண்மையும் என்ற தலைப்பில் நிற்கும். அது தவறில்லை. ஆனால் மன்னன் அந்த வாக்கியத்தை முடிக்கும் கணத்தில் மேடைக்குள் நுழைபவன் மக்பெத். காடர் பிரபு என்ற பட்டம் இப்போது அவனுக்குரியது. முடி தனக்கும் கிடைக்கக்கூடும் என்ற எண்ணம் முந்திய காட்சியில் சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்டபோதே அவன் மனத்துக்குள் புகுந்துவிட்டது. முகத்தை நம்பக்கூடாது என்று சொல்லி வாய் மூடாத மன்னன், அந்த முகத்தைப் பார்த்ததும் உறவு சொல்லி உச்சிமேல் வைத்துப் புகழ்கிறான். கற்ற பாடத்தை அந்த நொடியிலேயே கைவிடுகிறான். வரியின் முழுப்பொருள் இருப்பது, அதற்கு அடுத்து வரும் மேடைக்குறிப்பில். வரியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

அடுத்த இரண்டு காட்சிகள் இதே வலையைப் பின்னுகின்றன. 5 ஆம் காட்சியில் லேடி மக்பெத், வெளியே மலராகவும் அடியில் பாம்பாகவும் இருக்கும்படி கணவனுக்குச் சொல்லித் தருகிறாள். 6 ஆம் காட்சியில் டங்கன் அவர்கள் கோட்டை வாசலில் நின்று காற்று இதமாக இருக்கிறதென்று மகிழ்கிறான். கூட வந்த பாங்க்வோ, கோயில்களில் கூடு கட்டும் பறவை இந்தச் சுவர்களிலும் கூடு கட்டியிருப்பதைக் காட்டி அதை நல்ல சகுனமாகச் சொல்கிறான். அவர்கள் பேசுவது அழகான வருணனை. முந்திய காட்சியில் கொலைத் திட்டத்தைக் கேட்ட பார்வையாளருக்கோ அதே வருணனை வயிற்றைப் பிசைகிறது. மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாததும் அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததும் சேர்ந்துதான் பொருளை உண்டாக்குகின்றன. மேற்கோளை விளக்கும்போது கேட்போர் என்பதில் அரங்கில் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, எந்தப் பட்டியலிலும் விடுபடாத ஓர் இடம்: இரண்டாம் அங்கம், 2 ஆம் காட்சி. நள்ளிரவு. டங்கன் உறங்கும் அறைக்குள் மக்பெத் போயிருக்கிறான். வெளியே லேடி மக்பெத் காத்திருக்கிறாள். தூங்கும் மன்னனின் முகம் தன் தந்தையின் முகத்தைப்போல் இல்லாதிருந்தால் தானே முடித்திருப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். கல்மனம் என்று பெயர் எடுத்தவளின் கல்லில் முதல் விரிசல் இங்கே தெரிகிறது. அவ்வளவு சிறிய விரிசல் என்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மக்பெத் வெளியே வருகிறான். பேசியது யார், எப்போது, இப்போதா, இறங்கி வரும்போதா என்று இருவரும் திகிலோடு கேட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு செய்யுளடியை ஷேக்ஸ்பியர் நான்கு துண்டுகளாக்கி இருவர் வாயிலும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். சத்தம் போட்டுப் படித்தால் மூச்சு வாங்கும். பயத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை, யாப்பே பயப்படுகிறது.

பிறகு அவன் புலம்பல். இருவர் கடவுளை வேண்டியபோது தன்னால் ஆமென் என்று முடிக்க முடியவில்லை என்கிறான். தூக்கத்தையே தான் கொன்றுவிட்டதாக ஒரு குரல் சொன்னது என்கிறான். அவன் கையில் கத்திகள் இருப்பதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். காவலர்கள்மீது பழி விழ வேண்டுமானால் அவை அந்த அறையிலேயே கிடக்க வேண்டும். திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். அவளே எடுத்துக்கொண்டு போகிறாள். அவன் தனியே நிற்கும்போது கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. அப்போது தன் கைகளைப் பார்த்துச் சொல்வதுதான் கடலரசன் நெப்டியூனின் கடல் முழுவதையும் பற்றிய அந்த வரி: இந்தக் கறையைக் கடல்நீரால் கழுவ முடியாது, கை பட்டால் கடல்தான் சிவந்துபோகும். இதைக் கேட்க மேடையில் ஒருவரும் இல்லை. அதனால் இதில் நடிப்பு இல்லை, வாதம் இல்லை. கதவு தட்டும் ஓசை, வெளியுலகம் உள்ளே வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அவள் திரும்பி வருகிறாள். அவள் கையிலும் அதே இரத்தம். அவனைப்போல் வெளிறிய நெஞ்சு தனக்கு இல்லை என்று குத்திக்காட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். சில அடிகளுக்கு முன் அவன் சொன்ன கடலை அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவள் அதற்கு மறுமொழி சொல்லிவிடுகிறாள்: அவனுக்குக் கடல் போதவில்லை, அவளுக்குக் கிண்ணத்து நீர் போதும். இரண்டு வரிகளையும் தனித்தனி அட்டையில் எழுதி, ஒன்றைக் குற்றவுணர்ச்சி என்றும் மற்றதைக் கொடூரம் என்றும் வகைப்படுத்துவது மாணவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். இந்த இணையைப் பிரித்தால் இரண்டுமே ஊமையாகிவிடும்.

இணையின் மூன்றாவது முனை ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் கிடக்கிறது. தூக்கத்தில் நடக்கும் லேடி மக்பெத் கையைக் கழுவுவதுபோல் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கறை போகவில்லை, இரத்த வாடை போகவில்லை, அரபு நாட்டு நறுமணம் அத்தனையும் சேர்ந்தாலும் இந்தச் சிறு கையை மணக்கச் செய்யாது என்கிறாள். கணவன் கடலைச் சொன்ன அதே முடிவுக்கு மூன்று அங்கங்கள் கழித்து வந்து சேர்கிறாள். அவன் சொன்னதை விழித்திருந்தபோது அவள் கேட்டதில்லை என்பதை இங்கே மறக்கக்கூடாது. கதவு தட்டும் ஓசையும் அவள் தூக்கப் பேச்சில் திரும்ப வருகிறது. அன்றிரவு உறுதியோடு நின்றவளின் மனம் எல்லாவற்றையும் சேமித்துவைத்திருக்கிறது. வடிவத்தையும் பார்க்க வேண்டும். நாடகம் முழுவதும் செய்யுளில் கம்பீரமாகப் பேசிவந்த அரசி இக்காட்சியில் உரைநடையில் பேசுகிறாள். வாக்கியங்கள் துண்டு துண்டாக, காலம் முன்பின்னாக வருகின்றன. கேட்போர் ஒரு மருத்துவரும் ஒரு பணிப்பெண்ணும். கேட்டதை வெளியே சொல்ல இருவரும் அஞ்சுகிறார்கள். கொலை இரவில் ரகசியம் காக்கத் தெரிந்தவள் இப்போது தானே அறியாமல் வாக்குமூலம் தருகிறாள். குற்றவுணர்ச்சி என்ற ஒற்றைச் சொல்லால் இதை மூடிவிடுவது பெரிய இழப்பு. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகத் தெரிந்த மாணவர், நாடகம் முழுவதையும் தழுவி எழுது என்ற வினாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியர் குரலும் பாத்திரத்தின் குரலும்

வாழ்க்கை என்பது நடமாடும் நிழல், மேடையில் சற்று நேரம் ஆர்ப்பரித்துவிட்டு மறையும் நடிகன், மூடன் சொல்லும் பொருளற்ற கதை என்ற பேச்சு ஐந்தாம் அங்கத்தின் 5 ஆம் காட்சியில் வருகிறது. நாடகத்தைப் படிக்காதவர்களும் அறிந்த பகுதி இது. வில்லியம் ஃபாக்னர் 1929 இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’ நாவலின் தலைப்பு இங்கிருந்து எடுக்கப்பட்டது. வாழ்க்கை பற்றி ஷேக்ஸ்பியர் கொண்டிருந்த கருத்து இதுதான் என்று எழுதும் மாணவர்கள் உண்டு, பெரியவர்களும் உண்டு.

பேசுபவன் யார் என்று பார்த்தால் கணக்கு மாறும். கோட்டை முற்றுகைக்கு ஆளாகப்போகிறது. உள்ளே பெண்கள் கதறும் ஒலி கேட்கிறது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஒலி தன்னை நடுங்கவைத்திருக்கும், இப்போது பயத்தின் சுவையே மறந்துவிட்டது என்கிறான் மக்பெத். அரசி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. அழ அவனால் முடியவில்லை. மன்னனையும் நண்பன் பாங்க்வோவையும் கொன்று, தன்னை எதிர்த்த பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஆளனுப்பி, தன் வாழ்க்கையிலிருந்து பொருளைத் தானே உருவி எறிந்தவன், வாழ்க்கைக்கே பொருள் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தீர்ப்பு அவனுடையது. நாடகம் அதை ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. நான்காம் அங்கத்தில் மக்டஃப் தன் குடும்பம் அழிந்த செய்தியைக் கேட்கிறான்; ஆண்மகனாகத் தாங்கிக்கொள் என்று டங்கனின் மகன் மால்கம் சொல்ல, ஆண்மகனாகவே அதை உணரவும் வேண்டும் என்று பதில் சொல்கிறான். இழப்பு அவனுக்குப் பொருளற்றதாகத் தெரியவில்லை. இரண்டு கணவர்களுக்கு வந்த இரண்டு சாவுச் செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் விடை, மேற்கோளுக்கு அகராதிப் பொருள் சொல்லும் பத்து விடைகளைவிட உயர்ந்தது.

அப்பேச்சு முடிந்த உடனே ஒரு தூதன் ஓடிவந்து, பர்னம் காடு நகர்ந்து வருகிறது என்கிறான். எல்லாம் பொருளற்றது என்று சற்றுமுன் சொன்னவன் உடனே கோபத்தில் கொதிக்கிறான், காடு நகராதவரை தோல்வியில்லை என்று சூனியக்காரிகள் வழியே கிடைத்த வாக்கைச் சந்தேகிக்கிறான், கவசத்தோடு சாவதென்று வெளியே பாய்கிறான். தன் தத்துவத்தில் அவனாலேயே ஒரு நிமிடத்துக்குமேல் நிற்க முடியவில்லை.

இந்தத் தவறு ‘மக்பெத்’துக்கு மட்டும் உரியதல்ல. ‘ஹாம்லெட்’டில் பொலோனியஸ் தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகள் நூற்றாண்டுகளாகப் பள்ளி விழாக்களிலும் பட்டமளிப்பு மேடைகளிலும் ஒலித்துவருகின்றன. அந்த மகன் பாரிஸ் போனபின் அவனை வேவு பார்க்க ஆளனுப்புகிறவனும் இதே தந்தைதான். நேர்மையைப் பற்றி அவன் சொன்னதை மேற்கோள் காட்டுமுன் அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

காலச்சூழலை எங்கே வைப்பது

தேர்வின் மதிப்பீட்டு விதிகளில் நூலுக்கும் அது எழுதப்பட்ட சூழலுக்கும் உள்ள உறவு ஒரு கூறு. எனவே பிள்ளைகள் சில செய்திகளை உருப்போட்டு வருவார்கள். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603 இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனான். சூனியம் பற்றி அவனே 1597 இல் ‘டெமனாலஜி’ என்ற நூலை வெளியிட்டிருந்தான். 1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்தையும் மன்னனையும் வெடிவைத்துத் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. எல்லாம் உண்மை. ஆனால் இவை விடையின் கடைசியில் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். கேட்ட வினாவோடு சேராது.

சூழல் ஒரு வரிக்குள் வேலைசெய்யும் இடத்தைக் காட்டினால்தான் அது விளக்கம். இரண்டாம் அங்கத்தின் 3 ஆம் காட்சியில், கொலை நடந்த கையோடு, கதவு தட்டும் ஓசைக்கு எழுந்துவரும் வாயிற்காவலன் குடிமயக்கத்தில் தன்னை நரகத்தின் வாயிற்காவலனாகக் கற்பனைசெய்கிறான். உள்ளே அனுமதிக்கும் பாவிகளில் ஒருவன், இருபொருள்படப் பேசிச் சத்தியம் செய்து தப்பப் பார்த்தவன். 1606 இல் இதைக் கேட்டவர்களுக்கு ஹென்றி கார்னெட் நினைவுக்கு வந்திருப்பார். வெடிமருந்துச் சதி வழக்கில் அந்த ஆண்டு தூக்கிலிடப்பட்ட இயேசு சபைப் பாதிரியார் அவர். பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் மழுப்பி விடையளிக்கும் முறை அவருடைய விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. செய்தி இதோடு நின்றால் அது வரலாற்றுத் துணுக்கு. சூனியக்காரிகள் வரவழைத்த ஆவிகளின் வாக்குகளும் இதே வகை என்பதைக் கண்டுகொண்டால் அது நாடக விளக்கமாகிறது. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தீங்கில்லை, காடு நகர்ந்து வந்தால் ஒழியத் தோல்வியில்லை என்பவை பொய்யல்ல, உண்மையும் அல்ல. காடு நகரும் செய்தி கேட்டதும், பிசாசு இருபொருள்படப் பேசிவிட்டது என்பதை மக்பெத் தன் வாயாலேயே சொல்கிறான். குடிகாரக் காவலனின் கேலி மூன்று அங்கங்கள் தாண்டி மன்னனின் வாயில் உண்மையாகிறது.

பாங்க்வோ விஷயமும் அப்படித்தான். ஷேக்ஸ்பியருக்குக் கதை தந்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் கொலைக்குப் பாங்க்வோவும் உடந்தை. நாடகத்தில் அவன் கைகள் தூய்மையானவை. ஜேம்ஸ் மன்னனின் குலம் பாங்க்வோவின் வழிவந்ததாக அன்று நம்பப்பட்டது. அந்த மாற்றம் மன்னனை மகிழ்வித்திருக்கும் என்பதோடு, நாடகத்துக்கும் ஒன்றைத் தந்தது: ஒரே வாக்கை ஒரே நேரத்தில் கேட்ட இருவரில் ஒருவன் கொலைகாரன் ஆகிறான், மற்றவன் ஆகவில்லை. விதியா, விருப்பமா என்ற வினாவுக்கு இதைவிடக் கூரிய சான்று நாடகத்தில் இல்லை.

பட்டியல்களின் நெடுங்கதை

நல்ல வரிகளைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இருந்தது. படிப்பவர்கள் நோட்டுப்புத்தகங்களில் தலைப்புவாரியாக வாக்கியங்களை எழுதிச் சேர்த்தார்கள். அச்சிட்டவர்களும் அதற்கு உதவினார்கள். 1603 இல் வந்த ‘ஹாம்லெட்’டின் முதல் பதிப்பில் மகனுக்குத் தந்தை சொல்லும் அந்த அறிவுரைகளுக்கு ஓரத்தில் மேற்கோள் குறி இடப்பட்டிருக்கிறது. 1752 இல் வில்லியம் டாட் என்ற பாதிரியார் ‘ஷேக்ஸ்பியரின் அழகுகள்’ என்ற பொருளில் பெயரிட்டுத் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்தார். பல பதிப்புகள் கண்ட நூல் அது. ஜெர்மன் கவிஞர் கதேக்கு இளமையில் ஷேக்ஸ்பியர் அறிமுகமானதும் இத்தொகுப்பின் வழியாகவே. 1958 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லெகாஸ் 16 ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குக் குறிப்பேடுகள் வெளியிட்டுத் தொடங்கிய கிளிஃப்ஸ் நோட்ஸ் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் கோனார் உரை இருக்கும் இடத்தில் அங்கே அது இருக்கிறது.

உரைநூல்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கடினமான நூலுக்கு உரை எழுதுவது மதிப்புள்ள பணி. தமிழர்களுக்கு அதை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. கதேயைப்போலத் தொகுப்பிலிருந்து முழு நாடகத்துக்குப் போகிறவருக்கு அது வாசல். அங்கேயே நின்றுவிடுகிறவருக்குக் கையில் இருப்பது இன்னொருவர் எடுத்த குறிப்பு மட்டுமே. சாட்பாட்டைக் கேட்டு விடை பெறுவது இன்று இதோடு சேர்ந்துகொண்டது. சொல்லுக்குப் பொருள், காட்சிச் சுருக்கம் போன்றவற்றை அது விரைவாகத் தரும். நாடகத்தில் இல்லாத வரியை இருப்பதாகக் காட்டுவதும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் வைப்பதும் உண்டு. ஆகவே எந்த மேற்கோளையும் மூலத்தில் தேடிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் எல்லா நாடகங்களின் மூலத்தையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; சொல்லைத் தட்டினால் அங்கம், காட்சி, அடி எல்லாம் தெரியும்.

வீட்டில் உதவுவது எப்படி

லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த வீட்டுப்பாடம் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் தமக்கே புரியாது என்று ஒதுங்கும் பெற்றோர் தம்மைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உதவிக்கு முதலில் வேண்டியது கேள்வி கேட்கத் தெரிவது. இதைச் சொல்லும்போது யார் யார் மேடையில் இருக்கிறார்கள்? இதற்கு முன் என்ன நடந்தது? கேட்டவர் இதை நம்பினாரா? இப்படித் தமிழிலேயே கேட்கலாம்; பிள்ளை விடை தேடப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். அந்தப் புரட்டல்தான் படிப்பு. கதையைத் தமிழ்ச் சூழலில் வைத்துப் பார்ப்பதும் புதிதல்ல: சென்னையில் 1891 இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ‘மக்பெத்’தை ‘மகபதி’ என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். சுவாமி விபுலானந்தர் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தார்.

சத்தமாகப் படிப்பது அடுத்தது. கொலைக்குப் பிந்திய அந்தத் துண்டு வசனங்களைத் தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தால் எந்த விளக்கவுரையும் தராத ஒன்று தெரியவரும்: அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதாகவே தெரியவில்லை. சூனியக்காரிகளின் அடி நான்கு தட்டுகளில் துள்ளுவதும், மற்றவர்களின் அடி ஐந்து தட்டுகளில் நடப்பதும் காதுக்குத்தான் பிடிபடும். படம் பார்ப்பதும் உதவும். ரோமன் போலன்ஸ்கி 1971 இலும் ஜோயல் கோயன் 2021 இலும் எடுத்த படங்கள் ஷேக்ஸ்பியரின் வசனங்களைக் கொண்டவை. ஆனால் படங்களில் வரிகளை வெட்டுவதும் இடம் மாற்றுவதும் வழக்கம் என்பதால் இடஞ்சுட்டுவதற்கு அவற்றை நம்பக்கூடாது. அகிரா குரோசாவாவின் 1957 படத்தில் ஷேக்ஸ்பியரின் சொல் ஒன்றுகூட இல்லை. நாடகத்தின் உள்ளுயிர் மட்டும் இருக்கிறது.

மனப்பாடத்துக்கு எத்தனை மேற்கோள் என்பதில் பிள்ளைகள் படும் கவலை பெரிது. நூறு வரியை உருப்போடுவது வீண் உழைப்பு. கைகள், தூக்கம், ஆடை, இருள், குழந்தை என நாடகம் திரும்பத் திரும்பத் தொடும் சில பொருள்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு மூன்று சிறு தொடர்களை இடத்தோடு நினைவில் வைத்தால் போதும். நான்கைந்து சொற்களுக்கு மேல் நீளத் தேவையில்லை. எழுதும்போது அத்தொடரைத் தன் வாக்கியத்துக்குள் இணைத்து, யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்பதை முதலில் சொல்லி, அந்த நிலை சொல்லின் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதற்கு மீதி இடத்தைத் தர வேண்டும். தேர்வு நெருக்கடியில் சரியான சொற்கள் நினைவுக்கு வராமல் போனாலும் குடிமுழுகிவிடாது. கதவு தட்டப்படும்போது தன் கையைப் பார்த்து மக்பெத் கடலை நினைக்கும் இடம் என்று துல்லியமாகச் சுட்டி எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. மதிப்பீட்டு விதி கேட்பது நூலிலிருந்து சான்று. நேரடி மேற்கோள் அந்தச் சான்றில் ஒரு வகை.